எரிபொருள் வடிகட்டியில் நேர்வது அடைப்பா, தூர்வா?

குழுவினருக்கு வணக்கம்.

நீர் ஸ்கூட்டர் (தண்ணீரின் மேல் ஓட்டும் ஜெட் ஸ்கீ போன்ற வண்டி) பராமரிப்புக் கையேட்டில் எரிபொருள் பகுதிக்கு வந்த தமிழ்ச் சொற்பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ‘எரிபொருள் வடிகட்டி’ என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, நல்லது. அந்த வடிகட்டியில் கசடு ஏறி, பெட்ரோல் போதிய அளவு போகாமல் ஆகும் நிலையை எப்படிச் சொல்வது என்பதில்தான் இழுபறி. அடைப்பு, அடைசல், தடை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: தூர்வு.

வண்டியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பழுது வந்த வண்டியின் சொந்தக்காரர் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “ஸ்டார்ட் ஆகுது, மெதுவா போனா நல்லாத்தான் ஓடுது, முழுசா அழுத்தினா திணறுது.” எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு வேண்டிய பெட்ரோல் கொஞ்சம்தான். கைப்பிடியிலுள்ள விசையை முழுக்க அழுத்தும்போது அதைப்போலப் பல மடங்கு வேண்டும். வடிகட்டியின் கண்கள் பாதிக்கு மேல் மூடிப்போயிருந்தாலும் முதல் தேவைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. ஆகவே எஞ்சின் நிற்பதில்லை, வேகம் எடுக்க மறுக்கிறது.

இப்போது கையேட்டில் ‘வடிகட்டி அடைப்பு’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. வடிகட்டி அடைத்திருந்தால் வண்டி ஓடவே கூடாது. ஓடுகிறதே, அப்படியானால் வடிகட்டி சரி என்று விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கை மாற்றப் போவார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இது சின்ன விஷயம் இல்லை. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. கழுவிப் போட்டால் தீரும் கோளாறு எஞ்சினையே பிரிக்கும் செலவில் கொண்டுபோய் விடும்.

‘தூர்தல்’ இந்தச் சங்கதியைச் சரியாகப் பிடிக்கிறது. கிணறு தூர்ந்துபோகிறது, வாய்க்கால் தூர்ந்துபோகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை. சிறுகச் சிறுகப் படிந்து, உள்ளளவு குறைந்து, ஒரு கோடையில்தான் தெரியவரும். வண்டலுக்கு மட்டும் உரிய சொல் இது என்று ஒரு நண்பர் மறுப்பார் என்று எதிர்பார்க்கிறேன். காது குத்திய பிள்ளை தோடு போடாமல் விட்டால் வீட்டில் என்ன சொல்கிறோம்? “காது தூர்ந்துபோச்சு” என்கிறோம். அங்கே வண்டலும் இல்லை, சேறும் இல்லை, துளை மெல்ல மூடியது மட்டும்தான். வடிகட்டியின் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது!

சொல்லாக்கத்திலும் நெருடல் இல்லை. தீர் – தீர்வு, சோர் – சோர்வு, தேர் – தேர்வு என்ற வரிசையில் தூர் – தூர்வு. ‘தூர்ந்த வடிகட்டி’, ‘தூர்வு நீக்கு’, ‘பாதி தூர்ந்திருந்தால்’ என்று வேண்டிய வடிவமெல்லாம் கிடைக்கிறது. ‘அடைசல்’ வீட்டில் சாமான் நெருக்கிக் கிடப்பதற்குப் பழகிவிட்ட சொல். ‘தடை’ மின்சாரக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அடைப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு இதே வண்டியில் தனி வேலை இருக்கிறது. நீர் ஸ்கூட்டர் அடியிலுள்ள கிராதி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகிறது. ஒரு பிளாஸ்டிக் பையோ பாசிக்கற்றையோ கிராதியில் போய் ஒட்டிக்கொண்டால் அந்த நொடியே வேகம் போய்விடும். அதுதான் அடைப்பு. இரண்டிலும் ஓட்டுபவருக்கு முதலில் தெரிவது ‘வேகம் இல்லை’ என்பது ஒன்றே. பிரித்தறிய எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். கிராதியில் அடைப்பு என்றால் எஞ்சின் சுமையில்லாமல் எகிறிச் சுற்றும், வண்டி நகராது. வடிகட்டியில் தூர்வு என்றால் எஞ்சினே சுற்று ஏறாமல் அழுங்கும். இரண்டு பழுதுக்கும் இரண்டு சொல் இருந்தால் பழுதுபார்ப்புப் பட்டியலின் முதல் வரியிலேயே வழி பிரிந்துவிடும்.

அடுத்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போகும் நிலை. ‘எரிபொருள் பட்டினி’ என்று ஒருவரும் ‘எரிபொருள் பஞ்சம்’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். பஞ்சம் என்றால் பெட்ரோல் பங்க்கில் வரிசை நிற்பதுதான் நினைவுக்கு வரும். பட்டினி என்றால் ஒரு பருக்கைகூட இல்லை என்று ஆகும். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து குறைந்தது என்று நாள்தோறும் செய்தியில் கேட்கிறோம். அதே வரத்தை இங்கேயும் வைத்துக்கொள்வோம்: எரிபொருள் வரத்து, வரத்துக் குறைவு. தூர்வினால் வரத்து குறைகிறது என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

மூன்றாவது, வடிகட்டியின் வகைகள். எல்லாவற்றையும் வடிகட்டி என்றே எழுதினால் கையேடு குழம்பும், ஏனென்றால் 1990களின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி ஒன்றில் பெட்ரோல் குறைந்தது மூன்று இடங்களில் வடிகட்டப்படுகிறது. தொட்டிக்குள் உறிஞ்சுகுழலின் முனையில் வலை. வழியில் கண்ணாடிபோன்ற கிண்ணத்துக்குள் ஒரு வடிகட்டி. கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் தங்கும். கடைசியாக கார்புரேட்டருக்குள்ளேயே, விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு வலை. மிக்குனி நிறுவனத்தின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வெளி வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வலையால் ஆனவற்றுக்கு ‘அரிதட்டு’ என்று வைக்கலாம். இலங்கையில் மா அரிக்கும் சல்லடைக்கு இன்றும் இதுதான் பேச்சுவழக்கு. ‘அரி’ என்ற வினை பழையது. கடைமாணாக்கனுக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யை விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மாணவனுக்கு அது இழுக்கு, எஞ்சினுக்கு அதுவே வேண்டும். தொட்டி அரிதட்டு, கிண்ண வடிகட்டி, கார்புரேட்டர் அரிதட்டு என்று மூன்றையும் பிரித்துக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்கள் இருந்தால் சோதிக்கும் முறையை எழுதுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். மாதிரிக்கு ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“இருக்கையைக் கழற்றி எஞ்சின் அறையைக் காற்றாட விடவும். பெட்ரோல் வாடை இருக்கும்வரை எதையும் தொட வேண்டாம், ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். மூடிய அறையில் தேங்கிய ஆவி வெடிக்கும். வரத்துக் குறைவு தெரிந்தால் முதலில் தொட்டி மூடியைச் சற்றுத் தளர்த்தி, கரையோரமாகச் சிறிது ஓட்டிப் பார்க்கவும். திணறல் நின்றால் வடிகட்டியில் குற்றமில்லை; தொட்டிக்குக் காற்று போகும் குழாய் மூடியிருக்கிறது. நிற்கவில்லை என்றால் எரிபொருள் திருகியை (தொட்டியிலிருந்து பெட்ரோல் எந்த உறிஞ்சுகுழல் வழியாக வர வேண்டும் என்று மாற்றும் வால்வை) ‘ஆன்’ நிலையிலிருந்து ‘ரிசர்வ்’ நிலைக்கு மாற்றவும். அதில் நன்றாக ஓடினால் தூர்வு ‘ஆன்’ வழியில், அதாவது அதன் உறிஞ்சுகுழலிலோ திருகியிலோ இருக்கிறது. இரண்டிலும் திணறினால் கிண்ண வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவும். கிண்ணத்தின் அடியில் தனி அடுக்காக நிற்பது தண்ணீர். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தை மறக்க வேண்டாம். அது சரியாக உட்காராவிட்டால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.”

கார்புரேட்டர் அரிதட்டுக்குத் தனிப் பத்தி வேண்டும். 1990களின் ஸீ-டூ என்ற வணிகப்பெயர் கொண்ட நீர் ஸ்கூட்டர்களில் வந்த சாம்பல் நிற எரிபொருள் குழாய்கள் காலப்போக்கில் உள்ளே கரைந்து, பச்சை நிறப் பசையாகி, இந்தச் சின்ன வலையில் போய்ப் படியும். அந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் உலகெங்கும் அறிந்த தொல்லை இது. அரிதட்டை மட்டும் கழுவிவிட்டுக் குழாயை விட்டுவைத்தால் மறுபடி தூர்ந்துவிடும். குழாய் முழுவதையும் மாற்றி, கார்புரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்த பிறகுதான் நிம்மதி. இங்கே ‘பசை’ என்ற சொல்லே போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம்.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் என்ற சாராயம் பற்றியும் கட்டாயம் எழுத வேண்டும். எத்தனால் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் இறங்கிவிடும், உறிஞ்சுகுழல் இருப்பதும் அங்கேதான். நீர் ஸ்கூட்டர் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 விழுக்காடு எத்தனால் வரைதான் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் 15 விழுக்காடு கலந்த பெட்ரோலைப் படகுகளில் ஊற்றவே தடை இருக்கிறது. இந்தியாவில் இப்போது பரவலாகக் கிடைப்பதோ 20 விழுக்காடு. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் இது பெரிய கவலை. இப்படிப் பிரிவதற்கு ‘அடுக்குப்பிரிவு’ என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு முழுச் சம்மதம்.

கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சும் புதிய வண்டிகளில் பம்ப் தொட்டிக்குள்ளேயே அரிதட்டோடு இருக்கும். குழாயில் அழுத்தம் இருப்பதால் அதைக் குறைக்காமல் இணைப்பைக் கழற்றக் கூடாது. அங்கே அழுத்தமானி வைத்துப் பார்ப்பதுதான் முறை, திருகி கிடையாது. அது வேறு அத்தியாயம்.

வாட்டர் ஸ்கூட்டரா, ஜெட் ஸ்கீயா, நீரூர்தியா என்ற தலைப்பு விவாதத்தை இந்த இழையில் கலக்க வேண்டாம். ஜெட் ஸ்கீ கவாசாகியின் வணிகப்பெயர் என்பதை மட்டும் அங்கே பேசுபவர்கள் கவனத்தில் கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்று. நாகை, கடலூர், தூத்துக்குடிப் பக்கம் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் ‘பில்டர் சோக் ஆயிடுச்சு’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்கிறார்கள்? யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் என்ன வழக்கு? கேட்டறியக் கூடியவர்கள் இருந்தால் எழுதுங்கள். தூர்வைவிட நல்ல சொல் அவர்கள் வாயில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.