வயிற்றை ஆட்டுவிக்கும் ஹார்மோன்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

திண்டுக்கல்காரி:
அம்மாவுக்கு வெகுநாளாக ஒரு வலி. இட்லி, கஞ்சி, ரசம் சாதம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. பிரியாணியோ நெய் மிதக்கும் பொங்கலோ சாப்பிட்ட அன்று வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், அப்படியே தோள்பட்டைக்குப் பின்னால் ஏறும். பார்த்தவர்கள் எல்லாம் கேஸ் என்றார்கள். ஓமத்தண்ணீர், பெருங்காயம், சோடா எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல்.

நெய்க்கும் கறிக்கும் மட்டும் ஏன் வலிக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். கொழுப்பு இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும், அங்கே சுவரில் இருக்கும் செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றனவாம். அது பித்தப்பையைச் சுருங்க வைக்கும், பித்தநீர் குடலுக்குள் இறங்கும் வாயைத் தளர்த்தும், கணையத்திடமிருந்து நொதிகளை வரவழைக்கும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். போதும் என்ற நிறைவு வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இத்தனையும் ஒரே ஹார்மோன்! பித்தப்பையின் வாயில் கல் அடைத்திருக்கும்போது அது சுருங்கினால், வலிக்காமல் என்ன செய்யும்? கஞ்சியில் கொழுப்பு இல்லை, அதனால் பித்தப்பைக்கு அவ்வளவு பலமாக உத்தரவு போவதில்லை.

'வயிற்றுவலி' என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்ட பிறகு, எவ்வளவு நேரம் கழித்து, எங்கே என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு ஸ்கேன் எழுதியதே அந்த விவரத்தைக் கேட்ட பிறகுதான்.

நாகர்கோவில் ஆசிரியர்:
நான் பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஒரு மாணவி, 'நரம்பை வெட்டிவிட்டால் கணையத்தைச் சுரக்கச் சொல்வது யார் சார்?' என்று கேட்டாள். ஹார்மோன் என்ற துறையே அந்தக் கேள்வியில்தான் திறந்தது. 1902-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் மயக்கத்தில் வைத்த ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை நீக்கிவிட்டு, அதற்குள் அமிலம் விட்டார்கள். அப்போதும் கணையநீர் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, ரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்த வடிநீரில் இருந்து கணையத்தைச் சுரக்க வைத்த பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் பார்த்த மகிழ்ச்சிக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

அதற்காக நரம்புக்கு வேலையில்லை என்று ஆகிவிடாது. குழம்பு வாசனை வந்ததுமே இரைப்பையில் அமிலம் ஊறுவது மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால்தான்.

சேலம் மகன்:
அப்பாவுக்குப் புற்றுநோய்; சிஸ்பிளாட்டின் என்ற மருந்தில் கீமோ. மருந்து ஏற்றும் முன்பே நர்ஸம்மா வாந்தியைத் தடுக்கும் ஊசி ஒன்று, ஒண்டான்செட்ரான், போட்டுவிடுவார். வெறும் வயிறாக இருந்தாலும் வாந்தி வருமா என்று கேட்டேன். வரும் என்றார். இந்த மருந்து குடல் சுவரில் இருக்கும் செல்களைச் சீண்டி, அவற்றிலிருந்து செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட வைக்கிறது. பக்கத்திலிருக்கும் வேகஸ் நரம்பு முனைகள் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒண்டான்செட்ரான் ஊசி, அந்த நரம்பு முனைகளில் செரோட்டோனின் வந்து ஒட்டும் இடங்களை அடைத்துவிடுகிறது. செரோட்டோனின் என்றால் மூளை, மனச்சோர்வு என்றே படித்திருந்தேன். உடலில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறதாம்!

இரண்டு விஷயம் யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்று, அந்த ஊசிக்குப் பிறகு மலச்சிக்கல் வரலாம். குடலை நகர வைப்பதிலும் செரோட்டோனினுக்குப் பங்கு உண்டு. இன்னொன்று, மறுநாளிலிருந்து வரும் வாந்தி வேறு வகை. அதில் பெரும்பங்கு சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளுக்கு; அதற்கு அப்ரெபிட்டன்ட் என்று தனி மாத்திரை இருக்கிறது. கீமோ தொடங்கும் வீட்டுக்காரர்கள் இரண்டையும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்பா பட்டது போதும்.

மீனா:
எனக்கு தைராய்டு ஹார்மோன் குறைவு. ஓயாத மலச்சிக்கலும் சோர்வும் இருந்தன. வாழைப்பழம், கீரை, திரிபலா எல்லாம் பார்த்தாயிற்று. டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரை தொடங்கிய பிறகுதான் மெல்லச் சரியானது. திண்டுக்கல் அக்கா, ஒரு கேள்வி: பித்தப்பையை எடுத்துவிட்டால் கொழுப்பு எப்படிச் செரிக்கும்?

திண்டுக்கல்காரி:
மீனா, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை அதைச் சேர்த்துவைத்துக் கெட்டியாக்கும் இடம். எடுத்த பிறகு பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாக நேராகக் குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் சிலருக்கு வயிறு இளகிப் போகும், அம்மாவுக்கும் போனது. இப்போது நெய் தோசை சாப்பிடுகிறார், ஒரு தடவைக்கு ஒன்று. கல் இருப்பது தெரிந்தும் அறுவைக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் யாராவது இருந்தால்: வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.