பறந்துபோன ஷாஹீன், வன்னிமரத்துல ஒத்தை இறகு

மணல்மேடு:
ரெண்டு வருஷம் ஆச்சு, ரிசீவரோட அந்த ‘டிக் டிக்’ இன்னும் காதைவிட்டுப் போகல. அமீரகத்துல அல் ஐன் பக்கம், சாயங்காலம், அர்பாப் (எங்க முதலாளி) பறவையைக் கூப்பிட தில்வாவை, அதான் இறக்கை கட்டின கயித்தை, சுத்திட்டிருந்தார். ஷாஹீன்ங்கற வேட்டை வல்லூறு, அதுக்கு மூணாவது வேட்டை சீசன். வால்ல, இருக்கற இடம் தெரிய ரேடியோ சத்தம் அனுப்பற 434 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு மட்டும். காத்து திரும்பினதும் மேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. வண்டி மேல ஏறி சத்தம் வர்ற திசையைக் காட்டற யாகி ஆன்டெனாவைச் சுத்தினோம், தென்கிழக்குல சத்தம். மூணு மணி நேரம் துரத்தினோம். கிட்டப் போகப் போக சத்தம் ஏறிக்கிட்டே வந்துச்சு.

டார்ச் அடிச்சா ஒரு காஃப் மரம், நம்ம ஊர் வன்னிதான். முள்ளுக் கிளையில நடுவால் இறகு ஒண்ணு, அதுல டிரான்ஸ்மிட்டர். பறவை இல்ல. இறகோட அடித்தண்டுல துளி தோல் ஒட்டியிருந்துச்சு. ரிசீவர் கத்திக்கிட்டே இருக்கு, அர்பாப் அதை அணைக்கவே இல்ல.

வண்டியில இன்னொரு டிரான்ஸ்மிட்டர் இருந்துச்சு, புது பேட்டரியோட. கால்லயும் கட்டலாம்னு அவர் சொன்னார். ஒண்ணு போதும்னு சொன்னது நான்.

லிவாக்காரன்:
படிச்சதும் மனசு கனத்துப்போச்சு அண்ணே. எனக்கு நடந்தது வேற மாதிரி. மொபைல் நெட்வொர்க்ல இடம் அனுப்பற ஜிபிஎஸ் கருவியை மட்டும் நம்பிப் பறக்கவிட்டோம். லிவாவுக்குத் தெற்கே டவர் இல்ல. போன்ல கடைசிப் புள்ளி அப்படியே நின்னுடுச்சு. மறுநாள் காலையில எங்க ஹுர் (அதுவும் ஒரு வேட்டை வல்லூறு வகை) தானாவே கூடாரத்துக்கு வந்துச்சு, அது எங்க அதிர்ஷ்டம்.

புதுசா வாங்கறவங்களுக்குச் சொல்றேன்: பாலைக்குப் போறதா இருந்தா, ரேடியோவிலேயே நேரா ரிசீவருக்கு இடம் அனுப்பற ஜிபிஎஸ் வாங்குங்க. கூடவே சாதா டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு, வேற அலைவரிசையில. வாலை நம்பாதீங்க, முதுகுல கட்டுங்க. எடை எல்லாம் சேர்த்து பறவையோட எடையில 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது: 1000 கிராம் ஹுர்னா 30 கிராம், 600 கிராம் ஆண் ஷாஹீன்னா 18. பழைய செட் வாங்கினா ரிசீவர் எந்த அலைவரிசைன்னு முதல்ல பாருங்க. அமெரிக்கச் சாமான் பெரும்பாலும் 216, இங்கிலாந்துல பழசு 173, ஐரோப்பாவுல 433, 434. ஒண்ணு இன்னொண்ணைக் கேட்காது. கடைக்காரர் சொல்ற கிலோமீட்டர் கணக்கு பறவை வானத்துல இருக்கறப்போ. தரையில உட்கார்ந்துட்டா அதுல கொஞ்சம்தான் மிஞ்சும். டிரான்ஸ்மிட்டரை மணல்ல வச்சுட்டு நடந்து பார்த்து வாங்குங்க.

ஹஃபீத் அடிவாரம்:
தம்பி, முதுகுப் பட்டைன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்க. பட்டையை அளவு தெரியாம கட்டினா இறக்கையடி புண்ணாயிடும், தளர்ந்தா கால் மாட்டிக்கும். தெரிஞ்சவர் கையாலதான் கட்டணும். டிரான்ஸ்மிட்டரை வால் இறகுல மாட்டற கிளிப்பைக் குறை சொல்றதையும் நான் ஒத்துக்கமாட்டேன். 11 வருஷமா அதுதான் போடறேன், ஒரு இறகு போனதில்ல.

எனக்கு உறுத்தறது மலை. ஜெபல் ஹஃபீத் பாறையைப் பார்த்து ஆன்டெனாவை நீட்டினா சத்தம் காதைக் கிழிச்சுச்சு. இருட்டுற வரைக்கும் ஏறினோம். பறவை எங்க முதுகுப் பக்கம், வேலிக் கம்பத்துல, 200 மீட்டர்ல உட்கார்ந்திருந்துச்சு. சத்தம் பாறையில பட்டுத் திரும்பியிருக்கு. ரிசீவர் கெயினை, அதான் சத்தத்தைப் பிடிக்கற அளவை, குறைச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இப்ப கிட்டப் போனதும் ஆன்டெனாவைக் கழட்டிட்டு ரிசீவரை நெஞ்சோட அணைச்சுத் திரும்புவேன். எந்தப் பக்கம் சத்தம் அமுங்குதோ, பறவை என் முதுகுக்குப் பின்னால.

மணல்மேடு, ஒரு கேள்வி. அந்த இறகோட அடித்தண்டு நீலமா இருந்துச்சா? வளர்ந்து முடியாத இறகுல கிளிப் போட்டா அப்படித்தான் பிடுங்கிக்கும்.

மணல்மேடு:
இல்லண்ணே. முத்தின இறகு, அடித்தண்டு வெள்ளையாத்தான் இருக்கு. கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதறேன்.