எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 8 மாதத்துக்கு முன் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் கை இன்னும் எரிகிறது. சட்டைக் கை உரசினாலே உயிர் போகிறது. சில நேரம் சிவந்து வீங்கிச் சூடாகிறது, சில நேரம் நீலம் பாரித்துச் சில்லென்று ஆகிவிடுகிறது. முதலில் பார்த்த மருத்துவர் "எல்லாம் மனசுதான்" என்றார். (அன்று அழுதுகொண்டேதான் வீடு வந்தேன்.) இரண்டாவது மருத்துவர்தான் சிஆர்பிஎஸ் (Complex Regional Pain Syndrome, அடிபட்ட கை காலில் வலி விடாமல் நீடிக்கும் நோய்) என்று பெயர் சொன்னார். காயம் ஆறிய பிறகும் நரம்புகள் ஆபத்து, ஆபத்து என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

இப்போது நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் மாத்திரை, பிசியோதெரபி, அப்புறம் கண்ணாடிப் பயிற்சி. வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்க வேண்டும். 10 நிமிடம் தாண்டினால் எனக்கு எரிச்சல் கூடுகிறது. உங்களுக்கும் அப்படி இருந்ததா? நேரத்தைக் குறைத்தீர்களா, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தீர்களா? மாத்திரையால் பகலெல்லாம் தூக்கம் வேறு. தட்டச்சு வேலைக்குத் திரும்பியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எண்ணெய் தேய்க்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. தொடவே முடியவில்லை என்றுதானே சொல்கிறேன்! இடது கையால் தட்டுகிறேன், பதில் போடத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.