“நகுக” என்றால் வாய்விட்டுச் சிரிப்பதா?

கரிசல்காடு:
பூங்காவாசியின் நேற்றைய பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “இடுக்கண் வருங்கால் நகுக என்று வள்ளுவரே சொல்லிவிட்டார்; தினமும் காலையில் பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரியுங்கள், கவலை ஓடிவிடும்” என்கிறார். அந்த 621-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரை “உள் மகிழ்க”. உள்! வாய் எங்கிருந்து வந்தது?

பூங்காவாசி:
மு.வ. “நகுதல் வேண்டும்” என்றுதானே எழுதினார் ஐயா? சிரிப்பு மன்றத்தை 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கினார். இன்று எத்தனையோ நாடுகளில் சிரிக்கிறார்கள். அத்தனை பேரும் முட்டாள்களா?

கரிசல்காடு:
கட்டாரியா குறளுக்கு உரையா எழுதினார்? கேட்டது “நகுக”. மு.வ. நகுதலை நகுதல் என்றே போட்டுவிட்டுப் போய்விட்டார். அது ஒரு சாட்சியா?

மல்லி:
784-ல் “நகுதற் பொருட்டன்று நட்டல்” என்கிறாரே அண்ணா, அங்கேயும் உள்மகிழ்ச்சிதானா?

கரிசல்காடு:
இரண்டு குறள் தள்ளி 786-ஐயும் படியம்மா. “நெஞ்சத்து அகநக.” நெஞ்சும் நகும்.

பூங்காவாசி:
நெஞ்சு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே! அப்போது வெறும் “நக” என்றால் முகம்தானே?

கரிசல்காடு:
அதே குறளில் “முகநக” என்று முகத்தையும் தனியாகத்தான் சொல்கிறார். பாதிக் குறளோடு வராதீர்கள்.

செல்வி:
நகுக கிடக்கட்டும். என் அப்பா ஐசியூவில் இருந்தபோது இதே பூங்காவாசி இந்தக் குறளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மூன்று சிரிப்புப் பொம்மைகளோடு. இன்னும் மறக்கவில்லை.

பூங்காவாசி:
ஆறுதலுக்கு அனுப்பினேன் மேடம். “நன்றி சார்” என்று நீங்கள் போட்ட பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

செல்வி:
வேறென்ன போடுவதாம்? அப்புறம் உங்களை பிளாக் செய்ததும் இருக்குமே, அதையும் காட்டுங்கள்.

கரிசல்காடு:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதே அதிகாரத்தில் 624-ல் பகடு வருகிறது. தடைப்பட்ட இடத்திலெல்லாம் வண்டியை மூச்சுப்பிடித்து இழுக்கிற எருது. அது என்ன, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டா இழுக்கிறது?

பூங்காவாசி:
உள் மகிழ்ந்துகொண்டு மட்டும் இழுக்கிறதா?

மல்லி:
😂

கரிசல்காடு:
மாட்டை விடுங்கள். போன வருடம் ஊழ் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நடுவில் நழுவினீர்கள்.

பூங்காவாசி:
நழுவவில்லை, பேத்திக்குக் காதுகுத்து. நாளைக் காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்கு வாருங்கள் ஐயா. நாங்கள் வாய்விட்டுச் சிரிக்கிறோம், நீங்கள் உள்ளுக்குள் சிரியுங்கள்.

கரிசல்காடு:
உள் மகிழ்க. பரிமேலழகர். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.