சொக், ஸ்பிரிங் மாற்றியபின் முன் வலது பக்கம் உயர்ந்து நிற்கிறது. ஸ்டியரிங் ஒடித்தால் "டொய்ங்" சத்தம். உதவுங்கள்

பரந்தன் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 பிஎம்டபிள்யூ 320ஐ, ஈ90 உருவம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன் சொக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, ஏ9 நெடுஞ்சாலையில் மாங்குளம் கழிந்து கொஞ்சம் வேகம் எடுத்தால் கார் வள்ளம் மாதிரி ஆடத் தொடங்கியது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று இருந்தபோது லண்டனில் இருக்கும் மச்சான் 30 மிமீ இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்றை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பாவம் அந்த மனிதர், பெட்டியின் பாதி நிறை அதுதான். சொக் நான்கையும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் எடுத்தேன். புதுசு, ஒரிஜினல் நீளம்.

பக்கத்தில் உள்ள ஒரு கராஜில் பூட்டினோம். ஹயஸ் வான், பட்டா லொறி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். இந்தக் கார் அவர்களுக்கும் முதல் தடவை. காலையில் கொடுத்து இருட்டும்போது எடுத்தேன்.

இப்போது பிரச்சினை. முன் இடது பக்கம் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் இரண்டு விரல் போகிறது, வலது பக்கம் மூன்று விரல் தாராளமாகப் போகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் வலது பக்கத்தில் கிற்றார் கம்பியைச் சுண்டியதுபோல "டொய்ங்" என்கிறது. நேராக ஓடும்போது இடது பக்கம் மெல்ல இழுக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் டாஷில் டிஎஸ்சி (கார் சறுக்காமல் பிடிக்கும் அமைப்பு) மஞ்சள் விளக்கும் வந்துவிட்டது.

கராஜில் கேட்டால் "புது ஸ்பிரிங் அண்ணை, ஒரு 500 கிலோமீட்டர் ஓடினால் இருந்துவிடும், எலைன்மென்ட் மட்டும் செய்யுங்கோ" என்கிறார்கள். நாளைக்கு வவுனியாவுக்குக் கொண்டுபோய் எலைன்மென்ட் (சில்லுகளின் கோணம் சரிசெய்வது) செய்யலாமா?

ஓமந்தை ஓரம்:

செய்யுங்கள் தம்பி. கார் இறங்கினால் டோ (சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கட்டாயம் மாறும். எனக்கும் இழுத்தது, எலைன்மென்டோடு சரியாகிவிட்டது.

குளக்கட்டு:

எனக்கு ஒரு கேள்விதான். வன்னியில் இருந்துகொண்டு ஏன் தம்பி காரை இறக்குகிறீர்கள்? ஏ9 கார்பெட் என்பது உண்மை. ஏ9 இல் இருந்து உங்கள் கேற் வரைக்கும்? நான் எனது காரை 20 மிமீ உயர்த்த ரப்பர் தேடி அலைகிறேன், நீங்கள் காசு கொடுத்து இறக்குகிறீர்கள். மாரி தொடங்கினால் கிரவல் ரோட்டில் டிராக்டர் போன தடத்துக்கு நடுவில் இருக்கும் மேட்டை உங்கள் கார்தான் சீவப்போகிறது.

பரந்தன் பொடியன்:

அண்ணை, ரோட்டில் இருந்து வீட்டுக்கு 400 மீட்டர்தான் கிரவல். மிச்சம் எல்லாம் தார். ஆசைக்கு ஒருமுறை, விடுங்கோ.

ஸ்பானர் 17:

தம்பி, நாளைக்கு வவுனியாவுக்குப் போகவேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் இருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அதுவும் வேகமான ரோட்.

ஸ்பிரிங் இருக்கும் என்பது பொய் இல்லை. புது ஸ்பிரிங் ஓடினால் சில மிமீ இறங்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒரு விரல் உயர்ந்து நிற்பது பூட்டின பிழை. அதை வைத்துக்கொண்டு எலைன்மென்ட் செய்தால் பிழைக்கு ஏற்றமாதிரி டோவைத் திருப்பிவிடுவார்கள். பிழையைத் திருத்திய பிறகு திரும்பவும் காசு கொடுத்து அதே வேலை.

விரலால் அளக்காதீர்கள். காரைச் சமதரையில் விட்டு, ரயர் காற்று நான்கிலும் பார்த்து, காரை இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜக்கில் ஏற்றி இறக்கியதும் அளந்தால் பொய்க் கணக்குத்தான் வரும், ரயர் பக்கவாட்டில் இறுகி நிற்கும். பிறகு சில்லின் நடு மையத்தில் இருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரைக்கும் ரேப் பிடித்து, நான்கு சில்லுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அந்த "டொய்ங்" பற்றி. பொனட்டைத் திறந்து ஒருவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்லுங்கள். சில்லு நிலத்தில் நிற்கவேண்டும், என்ஜின் ஓடவேண்டும். நீங்கள் வெளியில் நின்று ஸ்பிரிங்கின் மேல் சுருளில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். சுருள்களுக்கு இடையில் விடவேண்டாம். ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு மெல்லத் திரும்பினால் நல்லது. திரும்பாமல் முறுகி நின்று, பிறகு துள்ளினால் மேல் மவுண்ட் (சொக்கின் தலையைக் காரோடு பிடிக்கும் ரப்பர்த் தாங்கி) பெயரிங் இறுகிவிட்டது, அல்லது ஸ்பிரிங் வால், அதாவது சுருளின் நுனி, அதைத் தாங்கும் தட்டில் சரியாக இருக்கவில்லை. மவுண்ட் புதுசா, பழசா?

பரந்தன் பொடியன்:

மவுண்ட் பழசுதான் அண்ணை. "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் போட்டார்கள்.

அளவு: முன் இடது 33.8 சென்ரிமீட்டர், முன் வலது 35.1. பின் இடது 32.6, பின் வலது 32.4.

தங்கச்சியை ஸ்டியரிங்கில் இருத்திப் பார்த்தேன். இடது ஸ்பிரிங் அமைதியாகத் திரும்புகிறது. வலது திரும்பாமல் நின்று, விரலுக்குக் கீழே மீன் துள்ளினமாதிரி ஒரு அடி. கையை எடுத்துவிட்டேன்.

பழைய பென்ஸ்காரன்:

மவுண்டைப் பழசாகப் போட்டது பெரிய பிழை. பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட ரப்பர். அதைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைத் திரும்ப அமுக்க வேண்டும். ஒரே வேலையை இரண்டு தரம்.

எனக்கும் ஒருமுறை சொக் மாற்றி வரும்போது முன்னுக்கு "டக் டக்" என்றது. முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) நட் கையால் சுற்றுகிறது. உங்களுக்குச் சத்தம் வேறுமாதிரி, என்றாலும் அதையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஸ்பானர் 17:

13 மிமீ வித்தியாசம். பின்னுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆகவே பிழை முன் வலது மூலையிலேயே இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம், அது சரியென்றால் காரை இனி ஓட்டவே கூடாது.

ஈ90 இல் முன் ஸ்ட்ரட்டின் (சொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) அடிக்குழாய், சில்லைத் தாங்கும் நக்கிளின் துளைக்குள் மேலிருந்து இறங்கும். ஒரு பக்கம் வெட்டு விட்ட வளையம் மாதிரி அந்தத் துளை. குறுக்கே ஒரு போல்ட் இறுக்கினால் வளையம் குழாயைப் பிடிக்கும். ஜப்பான் கார்களில் இரண்டு போல்ட் துளைக்கு நேராக வந்தால்தான் பூட்டவே முடியும், பிழை விட வழி குறைவு. இதில் அப்படி இல்லை. குழாய் அடி முட்டுமட்டும் இறங்காமல் பாதியில் நின்றாலும் போல்ட் இறுகிவிடும், வெளியில் பார்த்தால் வேலை முடிந்தமாதிரியே இருக்கும். குழாயின் பின்னால் ஒரு சின்ன முளை இருக்கிறது, அது வளையத்தின் வெட்டுக்குள் நேராக இறங்கவேண்டும். முளை விளிம்பில் ஏறி நின்றாலோ, துளைக்குள் துரு இருந்தாலோ குழாய் இறங்காது. எத்தனை மிமீ இறங்கவில்லையோ, அந்த மூலை ஏறக்குறைய அத்தனை மிமீ உயரும்.

இரண்டு முன் சில்லையும் கழற்றி, ஸ்டாண்டில் வைத்து, வளையத்துக்கு மேலே தெரியும் குழாயின் நீளத்தை இடமும் வலமும் ஒப்பிடுங்கள். அப்படியே ஸ்பிரிங்கின் கீழ் வால் தட்டில் உள்ள படியில் முட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக்) சென்சர் வயர் ஸ்ட்ரட்டில் உள்ள கொழுவியில் மாட்டியிருக்கிறதா? அது தொங்கினால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது இழுபடும். டிஎஸ்சி விளக்குக்கு அதுவும் காரணமாகலாம்.

பரந்தன் பொடியன் (அடுத்த நாள்):

அண்ணை, நீங்கள் சொன்னதுதான். இடது பக்கம் குழாய் அடிமட்டும் இறங்கியிருக்கிறது. வலது பக்கம் வளையத்துக்கு மேலே புதுக் கறுப்புப் பெயின்ற் ஒரு விரல் அகலம் கூடத் தெரிகிறது. முளை வெட்டுக்கு நேரே இல்லை, விளிம்பில் குந்திக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் வாலும் படியில் இருந்து கிட்டத்தட்ட இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. ஏபிஎஸ் வயர் கொழுவியில் இல்லை, லிங்கின் பின்னால் சுற்றிப் போகிறது.

பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. முதல்நாள் இதோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன்.

ஸ்பானர் 17:

இனிமேல் அந்தக் காரை நகர்த்தாமல் கராஜ்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சண்டை பிடிக்கவேண்டாம், முளையைக் காட்டினால் அவருக்கே விளங்கும்.

ஸ்ட்ரட்டை முழுதாக வெளியில் எடுக்கவேண்டும். இறக்கும் ஸ்பிரிங் நீளம் குறைவு, சும்மா கழற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பிரிங் அமுக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் எதிர் எதிரே போட்டு, சமமாக இறுக்கி, ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து ஆடுவதைக் கண்ட பிறகுதான் மேல் நட்டில் கை வைக்கவேண்டும். ஸ்ட்ரட்டின் தலைக்கு நேரே முகத்தை வைக்கவேண்டாம். மேல் நட்டை எயார் கன் (காற்றில் ஓடும் இறுக்கி) கொண்டு அடித்தால் சொக்கின் தண்டும் சேர்ந்து சுற்றி உள்ளே சீல் பழுதாகும். அலன் கீயால் தண்டைப் பிடித்து, கையால் இறுக்கவேண்டும்.

மேல் மவுண்ட் இரண்டு பக்கமும் புதுசு எடுங்கள். பம்ப் ஸ்டொப் ரப்பரையும் பாருங்கள். நீங்கள் வாங்கியது ஒரிஜினல் நீள சொக். கார் 30 மிமீ இறங்கினால் தண்டு அந்தளவுக்கு ஏற்கெனவே உள்ளே போய் நிற்கும், ரப்பரில் முட்டும் தூரம் குறையும். ஸ்பிரிங்கோடு வந்த தாளில் ரப்பரை வெட்டச் சொல்லி அளவு இருந்தால் அந்த அளவுக்கு வெட்டுங்கள், இல்லையென்றால் சும்மா வெட்டவேண்டாம். பில்ஸ்டீன் கம்பனியின் பி8 போன்ற சொக்குகள் இதற்கென்றே குட்டையாகச் செய்தவை. பி4 ஒரிஜினலுக்கு மாற்று. அடுத்தமுறை பி8 மாதிரிப் பார்த்து வாங்குங்கள். இந்த முறை ஓடலாம், ஆனால் ஆயுள் குறையும்.

நக்கிள் துளையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெட்டை ஒரு ஆப்பால் மயிரளவு விரித்து, முளையை நேரே பிடித்து, நக்கிளுக்குக் கீழே ஜக்கு வைத்து மெல்ல ஏற்றினால் "டக்" என்று அடியில் போய் இருக்கும். சுத்தியலால் அடிக்கவேண்டாம். குறுக்குப் போல்ட்டும் நட்டும் புதுசு போட்டு, மனுவலில் உள்ள அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சில்லு போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

இன்னொன்று, கனபேர் மறப்பது. ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கும் கையின் மூட்டு ரப்பர்) போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால் சில்லு தொங்கும்போது இறுக்கக்கூடாது. கார் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து ஒரு வருடத்தில் கிழியும்.

குளக்கட்டு:

சண்டை பிடிக்கவேண்டாம் என்பது சரி. ஆனால் கூலி இரண்டாம்தரம் கொடுக்கவும் வேண்டாம்.

பரந்தன் பொடியன் (ஐந்து நாள் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும், மவுண்ட் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வரவேண்டியிருந்தது.

கராஜ் அண்ணை தானே வந்தார். முளையைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். கூலி கேட்கவில்லை, நான்தான் சாப்பாடு கொடுத்து அனுப்பினேன். பழைய வலது மவுண்டைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். மணல் அரைக்கும் சத்தம், பாதியில் நின்றுவிடுகிறது. குழாய் அடியில் போய் இருந்தபோது அந்த "டக்" எனக்கும் கேட்டது.

இப்போது முன் இடது 33.8, வலது 33.7. டொய்ங் இல்லை. டிஎஸ்சி விளக்கு வயரைச் சரியாகக் கொழுவிய பிறகும் போகவில்லை. அதன்பிறகுதான் வவுனியாவுக்குப் போனேன். எலைன்மென்ட் முடித்து, கம்ப்யூட்டர் கொழுவி ஸ்டியரிங் கோண சென்சருக்குப் பூச்சியம் கொடுத்ததும் விளக்கு அணைந்தது. முன் கேம்பர் (சில்லின் தலைப் பக்கச் சாய்வு) கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கிறது, அதை இந்தக் காரில் பெரிதாக மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்பானர் 17:

சந்தோஷம். கேம்பர் அந்தளவு இருக்கும், டோ சரியென்றால் ரயர் தாங்கும். மாதம் ஒருமுறை ரயரின் உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். செனொன் லைட் என்றால் இரவில் ஒரு சுவரில் அடித்து உயரம் பாருங்கள், கார் இறங்கினால் லைட்டின் கணக்கும் மாறும். எதிரில் வருபவன் திட்டுவான். சில்லு போல்ட்டை 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

குளக்கட்டு:

பழைய ஸ்பிரிங்கை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வையுங்கள். கார்த்திகை பிறந்ததும் தேடுவீர்கள்.

பரந்தன் பொடியன்:

வைத்திருக்கிறேன் அண்ணை. எங்கள் ஒழுங்கை மதகில் பம்பர் ஒருமுறை உரசிவிட்டது, இப்போது சரிவாக ஏற்றி எடுக்கிறேன். அம்மா நேற்றுக் கோயிலுக்கு ஏறியவர், இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு "கிணத்துக்குள்ள இருந்து ஏறுற மாதிரிக் கிடக்குதடா" என்றார்.

குளக்கட்டு:

நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள். அம்மா சொன்னாலாவது கேளுங்கள்.