இயக்குதளத்தில் தமிழ்ச் சரம்: எதை ‘எழுத்து’ என்று எண்ணுவது?

கேள்வி (காட்பாடி)

இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக சி மொழியில் ஒரு சிறிய இயக்குதளம் எழுதி வருகிறேன். கட்டளை வரியில் ‘வேலூர்’ என்று தட்டச்சிட்டு, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரேயொரு பைட் அழிந்து, சொல்லின் ஈற்றில் கட்டம் ஒன்று தோன்றுகிறது. குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் இச்சொல் 18 பைட். யூனிகோடு குறியெண்களாக (ஒவ்வோர் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் யூனிகோடு தரும் எண்) 6. கண்ணுக்கு 3 எழுத்து. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 32 பிட் ஒதுக்கிவிட்டால் இச்சிக்கல் தீருமா?

பதில் (குடியாத்தம்)

தீராது, தம்பி. ‘ர்’ என்பதன் புள்ளி மட்டும் அழிந்து ‘வேலூர’ என்று நிற்கும்; நினைவகமும் 24 பைட் ஆகிவிடும். இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் ‘எழுத்து’ என்றொரு தரவு வகையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க முகவரியும் பைட் நீளமும் சேர்ந்த கட்டமைப்பையே சரமாக (எழுத்துத் தொடராக) வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியின் வழக்கப்படி சரத்தைச் சுழிய மதிப்புள்ள பைட்டில் முடித்தால், நீளம் அறிய ஒவ்வொரு முறையும் கடைசிவரை எண்ண வேண்டியிருப்பதோடு, நீண்ட கோப்புப் பாதையின் நடுவிலுள்ள ஒரு பெயரை நகலெடுக்காமல் தனியே சுட்டவும் முடியாது.

பாதையில் பெயர்களைப் பிரிக்கும் சாய்கோட்டை (/) தேடும்போது தமிழ் இடறுமோ என்ற அச்சமும் தேவையில்லை. தமிழ் எழுத்துகளின் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். அந்த பைட்டுகளுள் எதன் மதிப்பும் 128க்குக் குறையாது; சாய்கோட்டின் மதிப்போ அதற்குக் கீழே என்பதால் இரண்டும் குழம்பாது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8ஐ இப்பண்போடுதான் வகுத்தார்கள். 16 பிட் வகையைத் தவிர்த்துவிடுங்கள். 65,536 இடங்கள் போதும் என்று கருதப்பட்ட காலத்தில், 1993இல் வந்த விண்டோஸ் என்டி அதைத் தேர்ந்தது; யூனிகோடு அவ்வெல்லையைத் தாண்டியபின் இரண்டு அலகுகளைச் சேர்த்து ஒரு குறியெண்ணாகப் படிக்கும் சுமை இன்றுவரை அங்கே தொடர்கிறது.

கோப்புப் பெயரின் வரம்பையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லினக்ஸில் வழக்கமான 255 பைட் வரம்பு, தமிழில் 85 குறியெண்களுக்கே போதும்.

பதில் (சோளிங்கர்)

மேலே சொன்னவற்றில், கர்னல் சரத்தை வெறும் பைட்டுகளாகவே கொள்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டால் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இரண்டு கோப்புகள் உருவாகும். ‘சோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் ‘சோளிங்கர்’ 27 பைட், அடுத்ததில் 30. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்போது, எந்தக் கோப்பை அழிக்கிறோம் என்று பயனர் எப்படி அறிவார்? பெயரைச் சேமிக்கும் முன்பே கர்னல் அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பதில் (குடியாத்தம்)

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஸ்ரீபுரம் என்ற ஊர்ப்பெயரை எண்ணிப் பாருங்கள். ‘ஸ்ரீ’யை ‘ஸ’ கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் எழுதலாம்; வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் சீராக்க விதிகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. கர்னல் சீராக்கினாலும் அங்கே இரு கோப்புகள் இருக்கத்தான் செய்யும். மேலும், எழுத்தெல்லை பிரிக்கும் அட்டவணைகள் யூனிகோடின் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை; ஒரு வட்டின் கோப்பமைப்பு அவற்றை நம்பியிருக்கக் கூடாது. உள்ளீட்டு நூலகத்தில், பெயர் கர்னலை எட்டும் முன்பே சீராக்குங்கள். பின்னழிப்பையும் அங்கேயே வையுங்கள். உயிர்மெய் முழுவதையும் அழிப்பதா, குறியை மட்டும் அழிப்பதா என்பதைப் பயனரே தேர்ந்துகொள்ளட்டும். ‘வே’ என்பதை ‘வெ’ என்று திருத்த விரும்புபவருக்குக் குறி மட்டும் அழிவதே வசதி.