பாஸ்புக்கைப் பார்த்தால்தான் தூக்கம் வருமா?

வங்கிக் கவுண்டரிலேயே பணிக்காலத்தை முடித்தவன் நான். ஒரு பெரியவர் அடிக்கடி வருவார். போட்டது, எடுத்தது எதுவும் இருக்காது. ஆனாலும் பாஸ்புக்கை நீட்டி, "என்ட்ரி போட்டுக் குடுங்க தம்பி" என்பார். "புதுசா ஒண்ணும் இல்லையே ஐயா" என்றால், "பரவாயில்ல, ஒருதரம் பாருங்க" என்பார். கடைசி வரியில் இருக்கும் தொகையை விரலால் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் முகம் தெளியும். வசதிக்குக் குறைவில்லாத மனிதர். வைப்புத்தொகைக்கு வட்டி கால் சதவீதம் இறங்கிய அன்று அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அந்தக் கால் சதவீதத்தால் அவருக்கு ஒருவேளைச் சாப்பாடுகூடக் குறையப்போவதில்லை. ஆனால் சாய்ந்திருந்த சுவர் அசைந்துவிட்டது.

பைபிளில் லூக்கா 12-ஆம் அதிகாரத்தில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இவர் ஞாபகம்தான். அவன் திருடினான், ஏமாற்றினான் என்று இயேசு சொல்லவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேசுவதைக் கவனியுங்கள். என் களஞ்சியம், என் தானியம், ஆத்துமாவே இளைப்பாறு என்று முழுக்கத் தனக்குள்தான் பேசிக்கொள்கிறான். அந்தப் பேச்சில் இன்னொரு மனிதனும் இல்லை, கடவுளும் இல்லை.

அதே கவுண்டருக்கு ஓர் அம்மாவும் வருவார். சம்பளம் ஏறிய அன்றே சிறு தொகையை எடுத்துத் தனி உறையில் போட்டுக்கொள்வார். யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்கு என்று பின்னால் தெரிந்தது. "மாசக் கடைசியில மிச்சத்தைப் பார்த்துக் கொடுக்கலாமேம்மா" என்றேன். "மிச்சம் வராது சார், அது எனக்கே தெரியும்" என்று சிரித்தார். இருப்பு எவ்வளவு என்று அவர் விசாரித்து நான் பார்த்ததே இல்லை.

*

வங்கிக்காரரே, நீங்கள் சொன்ன பாஸ்புக் பெரியவர் மாதிரி எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார், என் கணவர். சேமிப்பில் பெரும்பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தோம். முதலில் வட்டி தாமதமானது, அப்புறம் போனை எடுக்க ஆளில்லை, அப்புறம் கதவில் பூட்டு. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரியும். மிச்சம் இருந்த கணக்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஜெபம் பண்ணலாமாங்க?" என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உன் கடவுளா வந்து தவணை கட்டுவார்?" என்பார். என்னிடம் பதில் கிடையாது.

எனக்கு அப்போது கைகொடுத்தது பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம், மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. அத்திமரம் துளிர்விடவில்லை, வயலில் விளைச்சல் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் ஆபகூக். அடுத்த வருஷம் துளிர்க்கும் என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை. அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ஒருநாள் என் கணவர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பணத்தைக் கேட்கவில்லை, "இந்தப் பயம் போகணும்" என்று மட்டும் ஜெபித்தார். பணம் இன்றுவரை வரவில்லை. வழக்கு நடக்கிறது, தேதி தவறாமல் போகிறோம். கடவுளை நம்புகிறோம் என்பதற்காகப் புகாரை வாபஸ் வாங்க வேண்டுமா என்ன? ஆனால் அவர் இப்போது தூங்குகிறார்.

*

நானும் ஒன்று சொல்கிறேன். சகோதரி தன் கணவரைப் பற்றிச் சொன்ன சாட்சி எனக்குப் பிடித்ததே, கடைசியில் பணம் திரும்பி வரவில்லை என்பதால்தான். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "கொஞ்சம் கொடுத்தேன், பத்து மடங்காக வந்தது" என்ற சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அங்கேயும் நம்பிக்கை பணத்தின் மேல்தான். கடவுளை நல்ல வட்டி கொடுக்கிறவராக ஆக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஜார்ஜ் முல்லரைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியவர், 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர், யாரிடமும் கைநீட்டாமல் ஜெபத்திலேயே கேட்டவர். எல்லாம் உண்மை. ஆனால் அதே மனிதர் வரவு செலவைக் காசு விடாமல் எழுதி ஆண்டறிக்கையாக வெளியிட்டார், கடன் வாங்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். இந்தப் பாதியை ஏனோ யாரும் சொல்வதில்லை.

*

மறுபடியும் வங்கிக்காரன். அப்படியானால் சேமிப்பதும் காப்பீடு எடுப்பதும் விசுவாசக் குறைவா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை, தாராளமாக எடுங்கள். யாத்திராகமம் 16-ஐப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தினமும் கொடுத்த உணவுதான் மன்னா. நாளைக்குக் கிடைக்காதோ என்று எடுத்துவைத்த மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காகச் சொன்னபடி இரட்டிப்பாகச் சேர்த்துவைத்த அதே மன்னா கெடவில்லை. 1 தீமோத்தேயு 6:17-உம் பணக்காரர்களிடம் சொத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிலையற்ற ஐசுவரியத்தின் மேல் நம்பிக்கை வைக்காதே என்கிறது, அடுத்த வசனம் தாராளமாகக் கொடு என்கிறது.

பாலிசியில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டுக் குடும்பங்கள் அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.